தேருக்காக இறக்கிய கம்பி

“நாளைக்குள்ள என்னை அரெஸ்ட் பண்ணிடுவாங்க மேடம்,” என்றாள் டெல்பின். நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை.

உறையூரில் ப்ரியம்வதாவின் வீட்டு முன்னறைதான் அவருடைய ஆபீஸ். பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களைத் துருவியவர், இப்போது தனியாகத் துப்பறிகிறார். கூட இருப்பவர் ஓய்வுபெற்ற ஏட்டு இளவரசன். மனுஷனுக்கு உத்தியோகம் போனதே தவிர அவசரம் போகவில்லை. “எந்த ஸ்டேஷன்? யாரு எஸ்.ஐ.?” என்று எழுந்தே விட்டார்.

“முதல்ல அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுங்க ஏட்டய்யா,” என்றார் ப்ரியம்வதா.

டெல்பின் புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தாள். நோயாளிகளின் பதிவுகள் அங்குள்ள சர்வரில் இருக்கும். அவற்றின் நகல் தினமும் ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் அவர்களுக்கிருந்த சின்ன கிளினிக்குக்கு, அங்கே வைத்த பேக்கப் மெஷினுக்குப் போகும். போன வாரம் புத்தூர் சர்வர் படுத்துவிட்டது. மறுநாள் காலையிலேயே சௌரிராஜன் என்பவரை நினைவில்லாமல் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பழைய நோயாளிதான். டாக்டர் பழைய பதிவைக் கேட்டபோது, பேக்கப்பிலும் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. பென்சிலின் ஊசி போட்டார்கள். அது அவர் உடம்புக்கு ஆகாது. போட்ட கையோடு மூச்சுத் திணறி மனிதர் போய்விட்டார்.

அவர் மனைவி செண்பகவல்லி பச்சைமலையில் தங்கி வேலை பார்க்கும் பள்ளிக்கூட டீச்சர். பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது புருஷனைப் பிணவறையில்தான் பார்த்தார். பேக்கப்பை நிறுத்தியது டெல்பின் என்று பிரிவின் தலைவர் ஜனார்தன் சொல்ல, அதை நம்பி அவள்மேல் போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

“நீ நிறுத்தினியா?”

“மாதா சத்தியமா இல்லை மேடம். ஆனா ஸ்ரீரங்கம் தேர் முடிஞ்சதிலிருந்தே லைன் அறுந்து அறுந்து போச்சு. ஜனார்தன் சார்கிட்ட எத்தனையோ தடவை சொன்னேன்.”

“மொத்தமா அறுந்துடுமா?”

“அதுதான் புரியலை. லாகின் ஆகும், சின்னச் சின்ன மெசேஜ் எல்லாம் போயிட்டு வரும். ஸ்கேன் படம் போறப்ப மட்டும் பாதியில தொங்கி நின்னு அறுந்துடும். ஸ்ரீரங்கத்துக்கு நேர்ல போய்ப் பார்க்கலாம்னா அந்த ரூம் சாவியை சார் குடுக்கவே மாட்டார்.”

“சின்னது போகுது, பெருசு போகலை,” என்று ப்ரியம்வதா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

புத்தூரில் ஜனார்தன் மரியாதையாகவே பேசினார். கை மட்டும் சும்மா இருக்கவில்லை. மேஜைமேல் கிடந்த பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“நல்ல பொண்ணுதாங்க, பொறுப்பு போதாது. இங்க உட்கார்ந்தபடியே லைன் வழியா மெஷினை நிறுத்தித் தொலைச்சிருக்கா.”

“லைன் அறுந்து போகுதுன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தாளாமே?”

“எங்கிட்டயா? ஒரு வார்த்தை சொல்லலை. தேருக்கு அப்புறம் எடுத்த ஸ்கேன் ஒண்ணுகூட அங்க இல்லை. எல்லாம் போச்சு.”

“நீங்க போய்ப் பார்த்தீங்களா?”

“நான் எங்கங்க போனேன்? தேருக்கு அப்புறம் அந்தப் பக்கமே காலெடுத்து வைக்கலை. கிளினிக்கும் பூட்டிக் கிடக்கு. போலீஸ் சாவியை வாங்கி சீல் வச்சிட்டாங்க.”

வெளியே வந்ததும் இளவரசன் பொரிந்தார். “ஆள் முழிக்கிற முழியே சரியில்லை மேடம். ரெண்டு தட்டு தட்டினா தானா வரும்.”

“தட்டி வாங்கினது கோர்ட்டுல நிக்காது ஏட்டய்யா. ஸ்ரீரங்கம் போவோம், வாங்க.”

எஸ்.ஐ. பிலோமின்ராஜ் இளவரசனிடம் வேலை கற்றவர். தாமே வந்து சீலை உடைத்தார். கிளினிக்கின் வெளிச்சுவரில் இன்டர்நெட் வரும் ஃபைபர் கம்பி சுருட்டிக் கட்டியபடி தொங்கியது. சித்திரைத் தேர் வருவதற்கு முன்னால் வீதிக்குக் குறுக்கே போகும் கம்பிகளை இறக்குவது வழக்கம்; தேர் நிலைக்கு வந்தபின் ஏற்றிவிடுவார்கள். இந்தக் கம்பியை மட்டும் யாரும் சொல்லி மறுபடி ஏற்றவைக்கவில்லை. அறைக்குள் அதற்குப் பதிலாக சிம் கார்டு போட்ட ரௌட்டர் ஒன்று இருந்தது. பேக்கப் மெஷினில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ப்ரியம்வதா குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்த யூ.பி.எஸ்.ஸைப் பார்த்தார். அதன் பொத்தான் அணைத்த நிலையில் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அமுக்கியதும் உயிர் வந்தது.

கூட வந்திருந்த டெல்பின் மெஷினைத் திறந்து வெகுநேரம் தேடினாள். சட்டென்று ஒரு பதிவில் நிறுத்தினாள். “மேடம், இது...”

“இப்ப வேண்டாம்மா. எல்லாரும் வரட்டும்,” என்றார் ப்ரியம்வதா.

சாயந்தரம் அதே அறைக்கு ஜனார்தன் வந்தார். செண்பகவல்லியும் வந்தார். டெல்பினைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“டீச்சர், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க,” என்று ப்ரியம்வதா ஆரம்பித்தார். “இந்த மெஷினுக்குள்ள கன்டெய்னர்னு தனித்தனி அறை மாதிரி வச்சிருக்காங்க. பேக்கப் வேலை அதுல ஒரு அறைக்குள்ள நடக்குது. அனுப்பறதும் வாங்கறதும் எவ்வளவு பெரிய பொட்டலமா இருக்கலாம்னு அந்த அறைக்கு ஒரு அளவு உண்டு. அது பழைய ஃபைபர் கம்பிக்கு ஏத்த அளவு. தேருக்கு அப்புறம் சிம் கார்டு ரௌட்டர் வந்துச்சு. அது குறுகின வழி. கன்டெய்னர்ல அளவைக் குறைச்சிருக்கணும், யாரும் குறைக்கலை. பெரிய பஸ்ஸைச் சந்துக்குள்ள விட்ட மாதிரி ஸ்கேன் எல்லாம் சிக்கி, லைன் அறுந்துச்சு. சைக்கிளுக்கு என்ன தடை? சின்னதெல்லாம் போயிருக்கு.”

“இது மெஷின் கோளாறுதானே?” என்றார் ஜனார்தன்.

“அதுவரைக்கும் கோளாறுதான். தேருக்கு அப்புறம் இந்தப் பக்கமே வரலைன்னீங்க. கம்பியை இறக்கினப்புறம் வச்ச ரௌட்டர் இது, சாவி ஒண்ணே ஒண்ணு, போலீஸ் வாங்கற வரைக்கும் அது உங்க பையில. அப்ப வச்சது யார்? யூ.பி.எஸ். பொத்தானைக் கையாலதான் அணைச்சிருக்காங்க. புத்தூர்ல உட்கார்ந்து லைன் வழியா அதை அமுக்க முடியுமா? இன்னொண்ணு. எல்லாரும் ‘ஒண்ணுமே இல்லை’ன்னு சொன்னப்ப நீங்க மட்டும் ‘தேருக்கு அப்புறம் எடுத்த ஸ்கேன் இல்லை’ன்னீங்க. டெல்பின் சொல்லலைன்னும் சாதிச்சீங்க. திறந்து பார்த்தவங்களைத் தவிர அது யாருக்குத் தெரியும்?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் அதற்கு மேல் மறைக்கவில்லை. “சர்வர் படுத்ததும் இங்கதான் ஓடி வந்தேன். திறந்தா ஸ்கேன் எதுவும் இல்லை. கம்பியை ஏத்தாம விட்டது நான்தான், வேலை போயிடும்னு பயம். ரெண்டு நாள் கிடைச்சா சரி பண்ணிடலாம்னு நினைச்சேன். விடிய விடிய இங்கயே இருந்தேன், காலையில டாக்டர் போன் பண்ணி பழைய பதிவைக் கேட்டார். மெஷின் ஓடுதுன்னு தெரிஞ்சா எல்லாத்தையும் கேப்பாங்க. அதனால ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டு அணைச்சிட்டேன்.”

“தேடிப் பார்த்துட்டுச் சொன்னீங்களா?”

“இல்லைங்க, தேடலை,” என்றார் ஜனார்தன்.

“டெல்பின், இப்பக் காட்டும்மா.”

டெல்பின் திரையைத் திருப்பினாள். சௌரிராஜனின் பதிவு அங்கே இருந்தது. ஸ்கேன் படங்கள் இருக்க வேண்டிய இடம் காலி. எழுத்துகள் மட்டும் முழுசாக வந்து சேர்ந்திருந்தன. இளவரசன் “அடப்பாவி!” என்று ஜனார்தனை நோக்கிப் போக, பிலோமின்ராஜ் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

செண்பகவல்லி திரும்பினார். “கண்ணாடி எடுத்துண்டு வரலை. நீ படிம்மா.”

டெல்பின் படித்தாள். “‘பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. கொடுக்கக் கூடாது. தகவல் தந்தவர்: மனைவி.’ தேர் முடிஞ்சப்புறம் அவர் செக்கப்புக்கு வந்த அன்னிக்கு எழுதினதும்மா.”

செண்பகவல்லி எழுந்து டெல்பின் பக்கத்தில் வந்து நின்றார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“பக்கத்துல இருந்து சொல்லாம நானே அவரைக் கொன்னுட்டேன்னு இத்தனை நாளும் சோறு இறங்கலை. அந்தத் துக்கத்துலதான் உன்மேல எழுதிக் குடுத்தேன். இன்ஸ்பெக்டர் சார், அதைக் கிழிச்சுப் போடுங்கோ.” பிறகு ஜனார்தனைப் பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை. “நான் சொல்லிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கேன். ஒரே ஒரு வரி. அதைப் படிச்சிருக்கலாமே நீங்க.”