கூழைக்கடா நம்பிய மழை

பருவப்பொறி மூன்றாம் முறை இடி முழக்கியதும் கூழைக்கடாக்கள் சுள்ளி பொறுக்கத் தொடங்கிவிட்டன. வெட்டுவாங்குளம் ஊரே குளக்கரையில் நின்று மூச்சுக் காட்டாமல் பார்த்தது. அங்கே தீபாவளிக்கு வெடி கிடையாது, கல்யாண மேளம்கூட அடுத்த ஊரில்தான். பறவை மிரண்டுவிடுமாம்.

பாவம், பல வருடங்களாக மழை காலம் தவறிப் பெய்தது. பறவைகள் வரும், வட்டமடிக்கும், முட்டையிடாமலே போய்விடும். அதற்காகத்தான் குளத்தைச் சுற்றிப் பொறியை நட்டார்கள். அது ஈரக்காற்றை ஊதும், இடி முழக்கும், புகைமேகத்தைப் பரப்பும். ஆழ்துளைக் கிணற்று நீர் குளத்தை நிரப்பும். மழைக்காலம் வந்துவிட்டதென்று பறவையின் உடம்பே நம்பிவிடும்.

பொறியை இயக்குகிறவள் முப்பிடாதி. அவளுடைய அண்ணன் மனைவி பிச்சம்மாள் கரையிலேயே கேட்டாள்.

"கூடு கட்டிட்டு, பாத்தியாட்டி. இருக்க விதைய ஊறப் போட்டுரட்டா?"

முதல் கூட்டைக் கண்டு விதைப்பதுதான் அந்த ஊர் வழக்கம். வறட்சி போக எல்லா வீட்டிலும் ஒரு விதைப்புக்குத்தான் நெல் மிச்சம். பொறியை முடுக்கியவள் முப்பிடாதியேதான். ஆனாலும் அலகில் சுள்ளியோடு ஒரு பறவை தலைக்குமேல் போனபோது அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

"போடுங்க மயினி. பறவைக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?"

ஊர் முழுக்க விதைத்தது. மழை வரவில்லை.

முளைத்த பயிர் கருகியது. குளத்தில் நீர் இருந்தது, மீன் இல்லை. புதுவெள்ளம் வந்தால்தானே மீன் பெருகும், அதைப் பொறி எங்கே போய்க் கொண்டுவரும்? தாய்ப்பறவைகள் வெகுதூரம் பறந்து வெறும் அலகுப்பையோடு திரும்பின. குஞ்சுகள் அந்தப் பைக்குள் தலையை விட்டுத் துழாவின. பிறகு ஒவ்வொன்றாக மரத்திலிருந்து விழுந்தன. பெண்கள் கூடையில் பொறுக்கிவந்து கஞ்சியாவது புகட்டப் பார்த்தார்கள். பிச்சம்மாள் மடியில் கிடந்த குஞ்சு, அவள் விரலை மீனென்று கவ்வியபடியே செத்துப்போயிற்று.

முப்பிடாதி பொறியை நிறுத்தினாள். அதன் கம்பங்களைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டாள். எஞ்சிய பறவைகளும் எழும்பிப் போயின.

தை பிறந்தபின் ஒரு பிற்பகல், அவள் அண்ணன் வீட்டு முற்றத்தில் இருந்தபோது வானம் இடித்தது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. பிச்சம்மாள் அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

"எவம்ட்டி அதத் திரும்ப நட்டது? போயி அமத்து. இனி எந்தப் பறவையக் கூப்பிடணும்?"

விதை ஊறப்போட்ட அண்டா முற்றத்தில் வெறுமையாகக் கிடந்தது. அதில் மழை விழத் தொடங்கியது.