தெற்குச் சரிவு

கடலூர் முதுநகரில் அந்த ஐஸ் ஃபேக்டரி மூடி ஆறு வருடமாகிறது. சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து அம்ரீன் அங்கே இறங்கியபோது பகல் பதினொரு மணி. ஐப்பசி மழை சற்றே விட்டிருந்தது. துறைமுகத் தெருவில் மீன் வண்டிகள் சேற்றை வாரியடித்துக்கொண்டு போயின. பையில் கையுறையும் மாதிரி போடும் டப்பாக்களும் இருந்தன.

இரும்புக் கதவருகே செம்பியன் காத்திருந்தார். முப்பது வருடமாக விசைப்படகு டிரைவர். முந்தின நாள் போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: மடி வலையில் ஏறிய கண்ணாடிப் பஞ்சு எட்டுப் பெட்டி இருக்கிறது, அதைத் தொட ஒருத்தனும் வரமாட்டேன் என்கிறான், மேடம் வந்து எடுத்துக்கொண்டு போனால் புண்ணியமாகப் போகும்.

அம்ரீனுக்குப் பிழைப்பே அந்தக் கடற்பஞ்சுகள்தான். கரையை விட்டு வெகுதூரம் போய், கடலடி சட்டென்று சரியும் இடத்தில், வெயில் எட்டாத ஆழத்தில் அவை கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. பார்த்தால் கண்ணாடி இழையில் பின்னிய கூடை மாதிரி இருக்கும். ஆனால் உயிர். தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விட்டே வாழ்கிற உயிர். அந்த ஆழத்தில் ஒரு முழம் வளர இருநூறு வருடம் ஆகும். இழுவைமடி ஒருமுறை உரசினால் இருநூறு வருடமும் ஐந்து நிமிடத்தில் தூள். அங்கே மடி இறக்கக் கூடாது என்று எல்லை குறிக்கும் குழுவுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவள் அவள்.

கோடையில் நடந்த கூட்டத்தில் படகு முதலாளிகள் தெற்குச் சரிவை மட்டும் எல்லையில் சேர்க்காமல் விடச் சொன்னார்கள். பஞ்சு அங்கேதான் அடர்ந்து நிற்கிறது என்று கேமராவில் பார்த்தவள் அவள். முழுசாகக் கேட்டால் எதுவுமே கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தில், ‘தெற்கில் போதிய தகவல் இல்லை’ என்று எழுதி எல்லைக் கோட்டை உள்ளே இழுத்துவிட்டாள். ஊரறிய யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுவே அவளை அரித்தது.

செம்பியன் பூட்டைத் திறந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

உள்ளே பகல் இல்லை. கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியாகக் காசு காசாக வெளிச்சம் விழுந்திருந்தது. ஐஸ் ஓடாத அந்தக் கட்டடத்தில் குளிர் முழங்காலளவு தேங்கி நின்றது. மூன்று வாரமாக வெளியே கிடக்கும் பஞ்சு அழுகி நாறியிருக்க வேண்டும். நாறவில்லை. வாசனை என்று எதுவுமே இல்லை. தெருவின் மீன் கவிச்சிகூட வாசலோடு நின்றுவிட்டது.

சுவரோரம் எட்டுப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. இதை ஏன் கடலிலேயே கொட்டவில்லை என்று அவள் கேட்டாள்.

“ரெண்டு வாட்டி கொட்டிட்டேன் மேடம். அடுத்தவாட்டி மடி போட்டாலும் இதேதான் ஏறுது. கரையோரமா பன்னெண்டு பாகம் ஆழத்து மணல்ல இழுத்தேன். அங்கயும் இதேதான்.”

மணலில் இது முளைக்காது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

ஏதோ சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம். தண்ணீரை உறிஞ்சி, நிறுத்தி, திரும்ப விடுகிற சத்தம். ஒரு பெட்டியில் தொடங்கி அடுத்ததற்குப் போய், எட்டாவதில் முடிந்து, மறுபடி முதல் பெட்டிக்கு வந்தது. பெட்டிகளுக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது.

பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு குனிந்து, முதல் பெட்டியிலிருந்து பெரிய பஞ்சு ஒன்றைத் தூக்கினாள். கையுறையைத் துளைத்துக்கொண்டு ஊசிகள் விரலில் இறங்கின. வலித்தாலும் விடவில்லை. அதன் அடியில் தட்டையாக என்னவோ இருந்தது. பஞ்சின் வேர் இழைகள் அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தன. செல்போன் விளக்கை அடித்தாள்.

மீனவர் அடையாள அட்டை.

பஞ்சு அதன் மேல் ஒட்டியிருக்கவில்லை. அதிலிருந்து முளைத்திருந்தது. ஒரு முழத்துக்குக் குறையாத பஞ்சு. அட்டை கொடுத்த தேதி, போன வருடம் மாசி மாதம்.

பெயர், சிலம்பரசன்.

அவள் படித்ததைக் கேட்டதும் செம்பியன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். ஆனி மாதம் பேப்பரில் வந்திருந்தது. குமராட்சிப் பக்கத்து ஆள், வயல் வேலை இல்லாமல் படகுக்கு வந்தவன், நீச்சல் தெரியாதவன். தேவனாம்பட்டினத்துக்கு நேரே, கரைக்குப் பக்கத்தில் தவறி விழுந்தான் என்று எழுதியிருந்தார்கள். உடல் கிடைக்கவில்லை.

அவர் தலை நிமிராமலே சொன்னார். விழுந்தது கரைப் பக்கம் இல்லை. அவர் படகின் மடி கடலடியில் சிக்கியது. எடுத்துவிடப் போனவனின் காலில் ரோப்பு சுற்றியது. ரோப்பை விடும் வின்ச்சை நிறுத்துவதற்குள் மடியோடு அவனும் போய்விட்டான். உள்ளதைச் சொன்னால் அந்த இடத்தையே மூடிவிடுவார்கள், கரைப் பக்கம் என்று சொல் என்றார் முதலாளி. இவரும் அப்படியே சொல்லிவிட்டார்.

“எந்த இடம்ணே?” என்றாள் அம்ரீன்.

செம்பியன் ஜி.பி.எஸ் எண்களை ஒப்பித்தார். நாலு மாதமாக உறங்கவிடாத எண்கள், தடுமாறாமல் வந்தன. வரைபடத்தைப் பார்க்க அவளுக்கு அவசியம் இருக்கவில்லை.

தெற்குச் சரிவு. அவள் விட்டுக்கொடுத்த துண்டு.

பெட்டிகளில் சத்தம் நின்றது.

எட்டிலும் ஒரே நேரத்தில் நின்றது.

கூரை ஓட்டைகளில் சொட்டிக்கொண்டிருந்த மழைத் தண்ணீர்கூட நின்றது.

பிறகு அவளுக்குப் பின்னால், கட்டடத்தின் கோடியில், ஆழத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் கேட்டது. பயமோ கோபமோ இல்லை. வேலை நடுவில் மேலே இருப்பவனுக்குத் தகவல் சொல்லும் குரல்.

“எறங்கிக்கிட்டுதாண்ணே இருக்கேன். இன்னும் தரை வரல.”

செம்பியன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்ரீன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று மட்டும் தெரிந்தது. கையில் ஊசிகள் தைத்த பஞ்சோடு வெளிச்சத்தைப் பார்த்து நடந்தாள். குளிர் வாசல்வரை கூடவே வந்து, அங்கே நின்றுகொண்டது.

அன்று சாயங்காலம் இருவரும் குமராட்சிக்குப் போனார்கள். போலீசுக்குப் போகும் முன்னால் அங்கேதான் சொல்ல வேண்டும் என்று செம்பியன் பிடிவாதமாக இருந்தார். சிலம்பரசனின் மனைவி ஸ்ரீமதி நாற்றங்காலிலிருந்து வந்து, கால் கழுவாமலே நின்று கேட்டாள். செம்பியன் எதையும் மறைக்கவில்லை. அம்ரீனும் தன் பங்கைச் சொன்னாள், அந்தக் கோட்டைத் தான்தான் உள்ளே தள்ளியது என்று. கோடு போட்டதும் படகு போனதும் ஸ்ரீமதிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஒன்று மட்டும் கேட்டாள்.

“நாலு மாசமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தேவனாம்பட்டினம் போயி கரை பூரா தேடுறேன். அவுரு அங்க இல்லவே இல்லியா?”



செம்பியன் மறுநாளே வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்தார். அவர் வேலை போனது, வழக்கும் வந்தது. அம்ரீன் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். தகவல் இல்லை என்று எழுதியது பொய், தகவல் இருந்தது, பயந்து மறைத்தேன் என்று ஒளிக்காமல் எழுதிக் கேமராப் படங்களையும் இணைத்தாள். அவளை வரைபட வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் படங்களை யாராலும் மறுக்க முடியவில்லை. மாசி மாதம் வந்த உத்தரவில் தெற்குச் சரிவும் எல்லைக்குள் இருந்தது.

பெட்டிகளை அதற்கு முன்பே கொண்டுபோய்விட்டார்கள். மார்கழியில் ஒரு நாள் விடிந்ததும், ஆராய்ச்சிக் கப்பலில் ஸ்ரீமதியையும் ஏற்றிக்கொண்டு, அந்த எண்கள் காட்டிய இடத்தில் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அங்கே ஆழம் முந்நூற்று அறுபது பாகம். ஸ்ரீமதி அழவில்லை. கடைசிப் பெட்டி முங்கும்வரை தண்ணீரையே பார்த்திருந்துவிட்டு, “இனிமே வெள்ளிக்கெழம போவ வேணாம்” என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்த வைகாசியில் எல்லை நெடுகக் கேமரா இறக்கிப் பார்க்கும் வேலைக்கு ஆள் போதாமல் அம்ரீனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மத்தியான நேரம். கப்பலின் சிறு அறையில் திரைக்கு முன்னால் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கேமரா அறுநூற்றைம்பது மீட்டரைத் தாண்டித் தரையை நெருங்கியது. விளக்கு வட்டத்துக்குள் சாம்பல் நிறச் சேறு வந்தது. மடி இழுத்த புதுத் தடம் எங்கும் இல்லை. தூரத்தில் பஞ்சுகள் வெள்ளை வெள்ளையாக நின்றன. அவளுக்கு மூச்சு நிம்மதியாக வந்தது.

அப்போதுதான் சேற்றில் இருந்ததைப் பார்த்தாள்.

பாதச் சுவடு. வெறுங்கால். குதிகாலும் ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன.

அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால் வரிசையாக. அவள் பக்கத்துத் திரையில் வரைபடத்தைப் பார்த்தாள். சுவடுகள் எல்லைக் கோட்டின் மேலேயே போய்க்கொண்டிருந்தன. தெற்கு மூலையில் கோடு திரும்பும் இடத்தில் அவையும் திரும்பின.

கேமரா அவற்றின் பின்னாலேயே போயிற்று.

கடைசிச் சுவட்டில் கலங்கிய சேறு இன்னும் அடங்கவில்லை.