லிங்கதுரையின் பாத்தி

செண்பகவல்லி காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் புருஷனுக்குத் தண்ணீர் ஊற்றினாள். செவ்வாயில் அமைந்த செந்நகரில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அங்கே கிடப்பது செத்த மண். உயிருள்ள மண் வேண்டுமென்றால் மனிதர்கள்தான் செத்தாக வேண்டும். போனவர்களை மட்கவைக்கும் கலனில் இட்டு, உரமண்ணாக்கி, ஒரு தொட்டியில் நிரப்பி வீட்டுக்கே திருப்பித் தந்துவிடுவார்கள். உயிரோடு இருந்தவரை ஒரு துரும்பைக்கூட நகர்த்திப் போடாத லிங்கதுரை, செத்த பிறகு முள்ளங்கி விளைவிக்க வேண்டியதாயிற்று.

விளையாத மண்ணை வீட்டில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மூன்று போகத்துக்குள், திரும்ப நட்டு விதை எடுக்கத் தகுந்த, காயமில்லாத முள்ளங்கி ஒன்றாவது தர வேண்டும். இல்லையென்றால் மண்ணைப் பொதுவயலில் கொட்டிக் கலந்துவிடுவார்கள். அப்புறம் லிங்கதுரை எது, ஊரார் எது என்று யார் பிரிப்பது? ஏற்கெனவே இரண்டு போகம் அழுகிப் போயிருந்தது. மூன்றாவதிலும் காய்களின் தலையில் கறுப்பு தட்டியது.

"நான் என்ன பாவம் செஞ்சேன்? செத்த பிறகும் என்கூட இருக்கமாட்டேன்னு அடம்பிடிக்கியளே" என்று தொட்டியைப் பார்த்து அழுதாள்.

புழுதிப்புயல் எச்சரிக்கையால் வேலையிடத்தைச் சீக்கிரமே மூடிய ஒரு நாள், மத்தியானமே வீடு திரும்பினாள். வீட்டு இயந்திரமான பணியன் தொட்டியருகே குனிந்திருந்தது. மண்ணுக்கு மேலே தலைகாட்டிய ஒவ்வொரு முள்ளங்கியிலும் இரும்பு விரலை அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனது.

"அடப் பாவி! என்னலே செய்யுத?"

"பிஞ்சா, முற்றலா என்று பார்க்கிறேன் அம்மா. நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான்."

"நானா?"

"காய்கறிக் கூடத்தில் நான் பை பிடித்து நிற்பேன். நீங்கள் ஒவ்வொரு முள்ளங்கியிலும் நகத்தை ஊன்றிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவீர்கள். கடைசியில் நகம் படாததாகத் தேடி எடுப்பீர்கள்."

அவள் பணியனின் விசையை அணைத்துவிட்டுத் தொட்டியைத் துழாவினாள். சுவரோரம், அதன் கைக்கு எட்டாத மூலையில், ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. அன்றிலிருந்து வேலைக்கும் போகாமல் அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டாள்.

தணிக்கை நாளன்று மண் வாரியத்திலிருந்து மெர்லின் வந்தாள். செண்பகவல்லி அந்த முள்ளங்கியைப் பிடுங்கி, கழுவி, நீட்டினாள். பளிங்குபோல் இருந்தது, ஒரு கீறல் இல்லை. தப்பித்தோம் என்று அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

"எவ்வளவு அழகா விளைஞ்சிருக்கு அக்கா! அண்ணன் கைராசிக்காரர்தான்."

பேசிக்கொண்டே மெர்லின் அதைத் திருப்பினாள். அவளுடைய கட்டைவிரல் நகம் தன்பாட்டில் தோலுக்குள் இறங்கியது.

"நல்ல பிஞ்சு" என்றாள் திருப்தியாக. பிறகுதான் குனிந்து பார்த்தாள். "அடடா, நகம் பட்டிருக்கே. காயம் பட்டதை விதைக்கு எடுக்கக் கூடாதே."

செண்பகவல்லி திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். காய்கறிக் கூடத்தில் தான் குத்திப் போட்ட காய்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

மெர்லின் முள்ளங்கியை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு கேட்டாள்: "வேற நல்லதா ஒண்ணு காட்டுங்களேன் அக்கா."