ஏணை ஆட்டுகிறவள்

கரண்ட் போன பிறகும் ஏணை ஆடிக்கொண்டிருந்தது.

திரௌபதி அடுப்படியில் குழம்புச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது பல்பு அணைந்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை வலுத்தால் கரண்ட் போவது வழக்கம்தான், அதில் பதற ஒன்றுமில்லை. சிம்னி விளக்கைத் துழாவி எடுத்து, தீப்பெட்டி நமுத்துப் போயிருந்ததால் அடுப்புக் கொள்ளியிலேயே பற்றவைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, திரி சீராக எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தச் சத்தம் அவள் காதில் ஏறியது. நடுவீட்டில் உத்தரத்துக் கயிறு கிறீச் என்று முனகியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கிறீச். கரண்ட் இருந்தால் அந்த முனகலோடு மோட்டாரின் உறுமலும் சேர்ந்து கேட்கும். இப்போது உறுமல் இல்லை. முனகல் மட்டும்.

விளக்கோடு போய்ப் பார்த்தாள். பழைய புடவையில் கட்டிய ஏணை, அதற்குள் அவளுடைய கைக்குழந்தை. ஏணையிலிருந்து ஒரு கயிறு கிளம்பி, முக்காலியில் உட்கார்ந்திருந்த ஆள் உயரப் பொம்மையின் வலது மணிக்கட்டில் போய் முடிந்தது. அந்தக் கை முன்னால் நீண்டது, பின்னால் மடங்கியது, முன்னால் நீண்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது.

அவள் புருஷன் சாமிதுரை வேலை முடிந்து வந்ததும் சொன்னாள். அவன் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே சிரித்தான். பல்சக்கரத்தில் கொஞ்சம் வேகம் மிச்சம் இருக்கும், மிதிப்பதை விட்டால் சைக்கிள் உடனே நின்றுவிடுகிறதா என்று கேட்டான். அவளும் தலையாட்டினாள். ஆனால் அவ்வளவு நேரம் மிதிக்காமல் ஓடுகிற சைக்கிளை அவள் பார்த்ததில்லை.

அந்தப் பொம்மைக்கு முகம் கொடுத்தது அவள்தான்.

விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டி இருந்த கோதண்டபாணி முதலாளியின் பீங்கான் பட்டறையில் சாமிதுரை அச்சு எடுக்கிறவன். கப்பு, ஊறுகாய் ஜாடி, பியூஸ் கட்டை, எதுவானாலும் முதலில் அவன் கையில் பிளாஸ்டர் அச்சாகி, பிறகுதான் மண்ணாகிச் சூளைக்குப் போகும். கோடையில் கடலூரில் பொருட்காட்சி வந்தபோது முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லாக் கடையிலும் கப்பு இருக்கும், நம் கடையில் கப்பை நீட்டுகிற மிஷின் பொம்பளை இருக்க வேண்டும் என்றார். சாமிதுரை ராப்பகலாக உட்கார்ந்து, டேபிள் ஃபேன் மோட்டாரையும் சைக்கிள் செயினையும் உடைந்த கடிகாரத்துச் சக்கரங்களையும் இரும்புக் கூட்டுக்குள் பொருத்தி உடம்பைச் செய்துவிட்டான். முகத்துக்கும் கைக்கும் ஒருத்தி வேண்டியிருந்தது. பட்டறையில் களிமண் பிசைகிற பெண்கள் யாரும் மூஞ்சியில் பிளாஸ்டர் ஊற்ற ஒத்துக்கொள்ளவில்லை. அவன் தன் பெண்டாட்டியைக் கூட்டிவந்தான். அவளுக்கு அப்போது வயிறு தள்ளியிருந்தது.

பெஞ்சில் படுக்கவைத்தார்கள். முகமெல்லாம் விளக்கெண்ணெய் தடவி, மூச்சுக்காக மூக்கில் இரண்டு பப்பாளித் தண்டைச் செருகி, கண்ணை மூடு, வாயை மூடு என்று சொல்லிவிட்டு, கூழாகக் கரைத்த பிளாஸ்டரை ஊற்றினார்கள். முதலில் குளிர்ந்தது. பிறகு இறுகியது. இறுக இறுகச் சுட்டது. பிளாஸ்டர் இறுகும்போது சூடு கிளம்பும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஈரச் சுண்ணாம்பு போல ஒரு வாடை, காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற இரைச்சல், தண்டு வழியாக நூலாக இறங்குகிற போதாத காற்று. வயிற்றில் பிள்ளை புரண்டு உதைத்தது. அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். கிணற்று மேட்டிலிருந்து பேசுவது மாதிரி முதலாளியின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்டா. அவசரப்பட்டு எடுத்தா அச்சு ஒடஞ்சி பூடும்."

மூடிய கண்ணோடு எடுத்த அச்சு. அதனால் பொம்மைக்கும் இமை மூடித்தான் இருந்தது. மூடிய இமைகளின் மேலேயே கறுப்பு மசியால் திறந்த கண்ணை வரைந்துவிட்டார்கள். மூக்குத் துளை இரண்டும் தண்டு போன அளவுக்கு வட்டமாக நின்றன. மோட்டார் வலது கைக்கு மட்டும்தான். இடது கை வெறும் சுட்ட மண், மடியின் மேல் கவிழ்த்து இரும்புக் கம்பியில் முறுக்கி வைத்தது.

பொருட்காட்சி முடிந்து பொம்மை பட்டறைக்குத் திரும்பியது. மழைக்கு ஷெட்டு ஒழுகியதால் சாமிதுரை அதை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். நடுவீட்டில் உட்காரவைத்து, கப்பு நீட்டுகிற கையில் ஏணைக் கயிற்றைக் கட்டினான். இனிமேல் ஆட்டிக்கொண்டே நிற்க வேண்டியதில்லை என்று அவளிடம் பெருமையாகச் சொன்னான். அக்கம்பக்கத்தார் வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குழந்தையும் அந்த ஆட்டத்துக்குத்தான் தூங்கியது. திரௌபதி ஆட்டினால் அழுதது.

கரண்ட் போயும் ஏணை ஆடிய அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் முதலாளி பொம்மையைப் பார்க்க வந்தார். செருப்போடு நடுவீட்டுக்கு வந்து, பொம்மையைச் சுற்றி நடந்து, ஏணைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மடி காலியாக் கெடக்குதுடா சாமிதுரை. ஒரு கொழந்தைய வச்சிட்டா சனம் மொய்ச்சிக்கும். தை மாசம் மெட்ராஸ்ல காட்சி வருது. சரக்கு ஒன் வூட்லயே இருக்குது, அப்புறம் இன்னா."

"தூங்கறப்ப எடுத்துட்டா அதுக்கே தெரியாதுங்க," என்றான் சாமிதுரை. "ஒரு நிமிச வேல."

அடுப்படியிலிருந்து திரௌபதி வந்து நின்றாள். "எம் புள்ள மூஞ்சில ஊத்துனீங்கன்னா நான் பொல்லாதவ ஆயிடுவேன்."

முதலாளி அவளைப் பார்க்கவேயில்லை. ஒன் பொண்டாட்டிக்கு வாய் நீளம்டா என்று அவனிடம் சொல்லிவிட்டு வெற்றிலையை ஒதுக்கினார். சாமிதுரை அவள் தோளைப் பிடித்து அடுப்படிப் பக்கம் தள்ளினான். தள்ளப்பட்டுத் திரும்பியபோதுதான் அவள் கவனித்தாள். கரண்ட் இருக்கிறது, பல்பு எரிகிறது, மோட்டார் உறுமுகிறது, ஆனால் பொம்மையின் கை பாதி வழியில் நின்றிருந்தது. காது கொடுத்துக் கேட்கிறவள் கைவேலையை நிறுத்துவாளே, அது மாதிரி. முதலாளி வாசல் இறங்கியதும் மறுபடி ஆட்ட ஆரம்பித்தது.

அதற்கப்புறம் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தால் பால்வாடைக்குப் பதில் வேறு வாடை வந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை. அவளுக்கு மறக்காத வாடை. ஒருநாள் குளிப்பாட்டும்போது காதின் பின்புறம் வெள்ளையாக ஒரு பொருக்கு உரிந்து அவள் விரலில் ஒட்டியது. இன்னொரு நாள் கண் புருவத்தில் விளக்கெண்ணெய்ப் பிசுபிசுப்பு. அவள் வைக்கவில்லை. குழந்தை அழாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பிறகு ஜன்னல் கட்டையில் இரண்டு தண்டு கிடந்தன. பப்பாளியின் குருத்திலைக் காம்பில் அறுத்தவை, பச்சை மாறாதவை, பால் இன்னும் சொட்டுபவை. அவளுக்குச் செருகிய தண்டு மாதிரி தடிமன் இல்லை. குச்சி போல மெலிசு. பச்சைப் பிள்ளையின் மூக்குக்குச் சரியாக இருக்கும்.

சாமிதுரை சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தாள்.

"எங்கடி கெடச்சிது இது?" என்றான்.

"அறுத்த ஒங்களுக்குத் தெரியாதா?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். முதலாளிக்காகச் சும்மா அப்படிச் சொன்னேன், செய்கிறதா இருந்தால் ஒளித்தா செய்வேன், பப்பாளி மரத்துப் பக்கமே போகவில்லை என்று கத்தினான். பிள்ளை பெற்றவளுக்கு மூளை கலங்கும் என்று ஊரில் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது என்றான். ஒரு கட்டத்தில் கையை ஓங்கிவிட்டு, அடிக்காமல் வெளியே போய்விட்டான்.

அவள் நம்பவில்லை. அவன் ஒரு நிமிச வேல என்று சொன்னதைத் தன் காதால் கேட்டவள். பக்கத்து வீட்டுக் காசியம்மாளிடம் சொல்லி அழுதாள். காசியம்மாள் முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"இல்லன்னுதான் சொல்லுவான். ஆமான்னு சொல்ற ஆம்பளைய நீ பாத்திருக்கியா? காலைல திட்டக்குடி பஸ்ஸ புடிச்சி ஒங்கம்மா வூட்டுக்குப் போயிடு. ராவுக்கு ரெண்டு கதவையும் போட்டுக்கோ. கொழந்தைக்கு முன்னால புருசன் இன்னா, முதலாளி இன்னா."

அது சரியாகப் பட்டது. கொல்லைச் சாய்ப்பில் பொம்மையின் விரிசலைப் பூச அவன் வைத்திருந்த பிளாஸ்டர் மூட்டை இருந்தது. அதை இழுத்துவந்து நடுவீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, பழந்துணியைப் போட்டு மூடினாள். அவன் கொல்லையில் தேடட்டும், கிடைக்காது. நிமிர்ந்தபோது எதிரில் பொம்மை உட்கார்ந்திருந்தது. வரைந்த கண் கட்டிலைப் பார்த்தது. வரைந்த கண் எதைத்தான் பார்க்காது என்று சொல்லிக்கொண்டு துணிமணிகளை மூட்டை கட்டப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டது. ஓட்டு இடுக்கிலிருந்து பொம்மையின் காலடியில் ஒழுகியது. எனாமல் பேசினை அங்கே வைத்தாள். டங், டங் என்று தகரத்தில் விழுந்து, தண்ணீர் சேரச் சேர அந்த ஓசை மழுங்கியது. குழந்தை ஏணையில் தூங்கிவிட்டது. வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாளோடு உலக்கையையும் முட்டுக் கொடுத்தாள். அவன் வருவதானால் பிளாஸ்டரைத் தேடி அந்தப் பக்கமாகத்தான் வருவான் என்று, கொடுவாளை எடுத்துக்கொண்டு அடுப்படியில் கொல்லைக் கதவோரமே உட்கார்ந்தாள்.

கரண்ட் போனது.

நடுவீட்டில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்த சிம்னி விளக்கையும் காற்று அணைத்துவிட்டது. அடுப்பில் கொள்ளி ஒன்று மட்டும் கனன்றுகொண்டிருந்தது. ஜங்ஷன் பக்கம் ஏதோ ஒரு இன்ஜின் நீளமாக மூச்சு விட்டது. மழை ஓட்டில் அறைந்தது. அதற்கு நடுவே, உறுமல் இல்லாமல், கயிறு முனகியது. கிறீச். கிறீச். மிச்ச வேகம்தான், சீக்கிரம் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டாள். நிற்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அது கேட்கிறவரை பிள்ளை ஏணையில் பத்திரமாக இருக்கிறது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சளக். சளக்.

எனாமல் சட்டியில் எதையோ கையால் கரைக்கிற சத்தம். முதலில் தண்ணீராக. பிறகு கொஞ்சம் கெட்டியாக. பட்டறையிலிருந்தே புது மூட்டை கொண்டுவந்துவிட்டான். சாய்ப்பில் உட்கார்ந்து கரைக்கிறான். கொடுவாளை இறுக்கிப் பிடித்து, கதவில் வாயை வைத்துச் சொன்னாள்.

"நான் தொறக்க மாட்டேன். கரைச்சத ஒம் மூஞ்சிலயே ஊத்திக்கோ."

சளக். சளக்.

மழை சட்டென்று குறைந்தது.

வாசல் கதவு தட்டப்பட்டது.

"திரௌபதி. நான்தான். நனஞ்சிட்டு நிக்கிறேன், தாழ்ப்பாளத் தொற." சாமிதுரையின் குரல். வாசலில். "எங்கியோ கம்பி அறுந்துடுச்சாம், தெரு பூரா இருட்டு."

அவள் கொல்லைக் கதவில் காதை வைத்தாள். கொல்லையில் இலை சொட்டியது. வேறொன்றும் இல்லை.

சளக்.

அவள் முதுகுக்குப் பின்னால்.

பேசினில் ஒழுக்கு விழுகிற ஓசை எப்போது நின்றது என்று யோசித்தாள். தெரியவில்லை. இப்போது கரைக்கிற சத்தமும் நின்றது. தரையில் பேசின் உராய்ந்தது. கயிறு முனகவில்லை. நெடுநேரம் முனகவில்லை.

பிறகு, கிறீச். மெதுவாக. பாரமாக.

கொள்ளியை உருவினாள். கொடுவாள் கையிலிருந்து விழுந்தது. நடுவீடு சிவப்பாகத் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் பழந்துணி விலகியிருந்தது. மூட்டை வாய் பிளந்திருந்தது. பேசின் சரிந்து கிடந்தது. தரையில் வெள்ளைக் கோடு.

பொம்மை முக்காலியில் இருந்தது. இருந்த இடத்திலேயே. வலது கை நீண்டது, மடங்கியது. மணிக்கட்டு வரை வெள்ளை. விரல் நுனியில் சொட்டியது. அவளுடைய விரல்கள். அவளுடைய ரேகைகள்.

"அடியே, காதுல விழலையா?" வாசலில் சாமிதுரை கதவை உதைத்தான்.

ஏணையைப் பிடித்து நிறுத்தினாள். புடவையை விலக்கினாள்.

வெள்ளை. மழமழவென்று, உருண்டையாக, கண் இல்லாமல், வாய் இல்லாமல். நடுவில் இரண்டு பச்சைத் தண்டு.

தொட்டாள். சுட்டது.

குனிந்து கன்னத்தை வைத்தாள். ஒரு தண்டில் நூலாகக் காற்று வந்தது. மற்றதில் வரவில்லை. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். நகம் பிளந்தது. வெள்ளை அசையவில்லை. இறுகிக்கொண்டிருந்தது.

கயிறு இழுத்தது.

ஏணை அவள் கையைவிட்டு நழுவியது. பிடித்தாள். மறுபடி இழுத்தது. இந்தத் தடவை கை மடங்கி நீளவில்லை. மடங்கிக்கொண்டே போனது. ஏணை பொம்மையின் பக்கம் சாய்ந்து, சாய்ந்து, அப்படியே நின்றது.

வாசல் கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது. நல்ல தாழ்ப்பாள்.

கொள்ளி வெளிச்சத்தில் பொம்மையின் கறுப்புக் கண்கள் குறுக்கே வெடித்தன. மசி பொடியாக உதிர்ந்தது. அதற்கு அடியில் இமை திறந்துகொண்டிருந்தது.

மோட்டார் இல்லாத இடது கை மடியிலிருந்து எழும்பி, மல்லாந்து விரிந்து, அவள் எதிரில் நீண்டது. கொடு என்று.