முதல் குடித்தனக்காரி

"இதுல அழறதுக்கு என்ன இருக்கு? ரெண்டே வாரம்தானே" என்றாள் மாமியார், இரண்டாவது டம்ளர் டீயை வாங்கிக்கொண்டே. அடுப்பைப் பார்த்து நின்றிருந்த மருமகள், தையல்காரி, அழவே இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் அவள் முகம் திருப்பி நின்றாலே அழுகிறாள் என்று பேர்.

விஷயம் இதுதான். கொழுந்தனுக்கு வீட்டில் புரொபசர் என்று பட்டப்பெயர். போனில் எதையாவது பார்த்துவிட்டு மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பான். ஆறு மாதமாக ஒரே பாடம்: "ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டா போதும், அடுத்த வீட்டை அந்த வாடகையே வாங்கிக் கொடுக்கும்." பெயின்டரான புருஷன் ஆயுசு முழுக்க ஊரார் சுவருக்கு வர்ணம் அடித்தவன். தன் பெயரில் ஒரு சுவர் என்றதும் மயங்கிவிட்டான். முன்பணத்துக்காகத் தையல்காரி தன் கடையையும் இரண்டு மெஷினையும் விற்றுக் கொடுத்தாள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனாலேயே எல்லோரும் சீக்கிரம் மறந்துபோனார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஊரில் வீடு வாங்குவது அவ்வளவு லேசில்லை. காலையில் விற்பனைப் பலகை மாட்டினால் மத்தியானத்துக்குள் விலைபோய்விடும். இவர்கள் செருப்பை மாட்டுவதற்குள் வேறு யாரோ முன்பணம் கொடுத்திருப்பார்கள். அப்படி ஐந்து வீடு கைநழுவிப் போனது. ஆறாவது வீட்டுக்கு மட்டும் போட்டியே இல்லை. விலையும் குறைவு. ஏனென்று கேட்டதற்கு, வாங்கி முடித்த பிறகுதான் தரகர் வாயைத் திறந்தார். அங்கே தனியாகக் குடியிருந்த ஒருத்தி சமையலறையில் விழுந்து செத்துப்போயிருக்கிறாள். புருஷன் வெளியூர் வேலையில் இருந்தான். அவளைக் கண்டெடுக்க மூன்று நாள் ஆனதாம்.

மூன்று மாதமாக வீட்டைப் பார்க்க ஒரு ஈ காக்கை வரவில்லை. "வீட்டுப் பொம்பளை ஒருத்தங்க ரெண்டு வாரம் அங்க தங்கி, சமைச்சு, துணி துவைச்சுப் போடட்டும். தெரு தானா மறந்துடும்" என்று தரகர் யோசனை சொன்னார். வீட்டுப் பொம்பளை என்றதும் எல்லோரும் யாரைப் பார்த்தார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

"தினமும் வந்து பாத்துட்டுப் போறேன்" என்றான் புருஷன், ஸ்கூட்டரில் அவளை இறக்கிவிட்டு. அவள் தலையாட்டினாள்.

குடும்பமே குடியிருப்பதுபோலத் தெரிய வேண்டும் என்று எல்லோர் துணியையும் மூட்டை கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் சட்டை, மாமியார் துண்டு, புரொபசரின் பேன்ட் எல்லாவற்றையும் துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டாள். சமையலறையில் நிற்கும்போது முதுகுப்பக்கம் யாரோ நிற்பதுபோலவே இருந்தது. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அலமாரியின் மேல்தட்டு அவள் கைக்கு எட்டவில்லை. செத்துப்போனவள் தன்னைவிட உயரம்போல என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு அந்தத் தட்டை அண்ணாந்து பார்க்கவே இல்லை.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, ஈரத் தரையில் கால் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் மடங்கிக்கொண்டது. எழ முடியவில்லை. போன் நல்லவேளையாகக் கையில் இருந்தது. புருஷனுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ஏழு தடவை போட்டாள். கொழுந்தனுக்கும் இரண்டு தடவை போட்டாள்.

தரையில் கிடந்தபடி அண்ணாந்து பார்த்தால் அதே மேல்தட்டு. அவளும் இப்படித்தான் இதைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாளோ... பேய் வரும் என்று பயந்துகொண்டே கிடந்தாள். பேய் வரவில்லை. யாருமே வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குக் கொல்லைப்பக்கம் குரல் கேட்டது. "அம்மா... உள்ள இருக்கீங்களா?" பேக்கரியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அம்மா, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து இவளைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்துப் போட்ட துணி இன்னும் கொடியில கிடக்கு... அதான் வந்தேன்" என்றாள். கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டே தொடர்ந்தாள். "அன்னிக்கும் இப்படித்தான் மூணு நாள் துணி கிடந்துச்சு. மழைகூட பெஞ்சுது. என்ன பொம்பளை இவ, இவ்வளவு சோம்பேறியான்னு வாய்க்குள்ள திட்டினேன். எட்டிப் பாக்கத் தோணலையே எனக்கு... இப்ப எந்தக் கொடியைப் பாத்தாலும் எண்ணிக்கிட்டே இருக்கேன்."

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அறியாத ஒருத்திக்காக அப்படி அழ முடியும் என்று தையல்காரிக்கு அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. புருஷன், மாமியார், புரொபசர், கூடவே வீடு பார்க்க ஓர் இளம் ஜோடி. சுவரைப் பிடித்தபடி அவள் வந்து கதவைத் திறந்தாள். "அண்ணி, கொஞ்சம் நொண்டாம நடங்க. ஆள் வந்திருக்காங்க" என்று புரொபசர் காதருகே கிசுகிசுத்தான்.

வந்த பெண்ணுக்கு வீடு பிடித்துவிட்டது. இவளைத் தனியே அழைத்து, "அக்கா, இவருக்குக் கப்பல்ல வேலை. மாசத்துல பாதி நாள் நான் தனியாத்தான் இருக்கணும். இங்க பயம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு மெஷினை விற்ற பணம் பிழைத்துவிடும், அவளும் இன்றே வீடு திரும்பலாம். கூடத்தில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தையல்காரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அந்த ஜோடி போன பிறகு வீடு அதிர்ந்தது. "இருந்திருந்து வந்த ஒரு ஆளையும் விரட்டிட்டியே, இந்தக் குடும்பத்தைக் கவுக்கணும்னே வந்தியா?" என்று மாமியார் கத்தினாள்.

"அத்தை, எனக்கு வாடகை முக்கியமில்லையா? ஆனா அந்தப் பொண்ணு விழுந்தா யாரு வருவா? நான் விழுந்து மூணு நாளாச்சு. நீங்க வந்தீங்களா?" அவள் குரல் உயரவே இல்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க... ஏழு தடவை போட்டேனே. ஏன் எடுக்கலை?"

அப்போதுதான் அவன் அவள் காலைப் பார்த்தான். மாமியார்தான் சுவரோடு சாய்ந்து முணுமுணுத்தாள். "எடுத்தா அழுதே திரும்பி வந்துடுவா, எடுக்காதேடான்னு நான்தான் சொன்னேன்..."

"அம்மா சொன்னாங்க சரி. நீங்க?" என்றாள் அவள். பெயின்டர் அவள் காலடியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். "வா, வீட்டுக்குப் போகலாம். தப்பு என்னுதுதான், வா" என்றான் அழுகையோடு.

"வரலை. இந்த வீட்டை நானே எடுத்துக்கறேன். முன் ரூம்ல ஒரு மெஷின் போட்டுக்கறேன். வாடகை மாசாமாசம் வந்துடும்."

"சொந்த வீட்டுக்கு வாடகையா அண்ணி?" என்றான் புரொபசர்.

"பத்திரத்துல என் பேரு எங்க இருக்கு?"

அவன் பாடம் அதோடு முடிந்தது.

"உங்க மேல கோபமில்லை" என்றாள் புருஷனிடம். "ஆனா நான் இல்லைன்னா உங்களுக்கு எப்பத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தினமும் காலையில வந்து கதவைத் தட்டுங்க. அது போதும்."

மறுநாள் விடிந்ததிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு ஆயிற்று, ஏழரை ஆயிற்று. இனி வரமாட்டான் என்று மனசு விட்டுப்போனபோது கதவு தட்டப்பட்டது.

திறந்தால், மூச்சிரைக்க மாமியார் நின்றிருந்தாள். தெருமுனையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த மகனைக் கையால் காட்டினாள். "வண்டி பாதி வழியில நின்னுபோச்சு, தள்ளிக்கிட்டு வரான். எனக்குப் பொறுக்கலை, முன்னாடி ஓடி வந்துட்டேன்..." என்றவள், மருமகளின் இரண்டு கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இருக்கியாம்மா?"

"இருக்கேன் அத்தை" என்று சொல்லும்போதே தையல்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.