நெருப்பிலிருந்து நீண்ட கை

செங்கம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, பிலோமினாவுக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. இரும்புக் கேட்டுக்கு உள்ளே வேப்ப மரங்கள், ஓடு போட்ட நீளக் கட்டடம், அதன் கோடியில் ஒரு சிறிய கோயில். பின்னால் மலை மத்தியான வெயிலில் வெந்துகொண்டிருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் தியான இல்லம் அது. “மனசு அமைதியாகும், நாலு நாள் இருந்துட்டு வாம்மா” என்று பங்குச் சாமியார்தான் அவளை அனுப்பியிருந்தார்.

அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. புருஷன் சவரிமுத்துவின் முப்பதாம் நாள் பூசையில், மாலை போட்டு வைத்திருந்த அவன் படத்தை எடுத்து, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பீடத்துக்கு முன்னால் தரையில் ஓங்கி அடித்து உடைத்தாள் பிலோமினா.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு அவன் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துவான், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பான், செத்தவர்களை அடக்கம் பண்ணுவான். வீட்டுக்குள் வந்தால் வேறு ஆள். மூக்குப்பொடி டப்பாவை எடுத்து மூடியில் விரலால் தட்டுவான். டக், டக். பொடியை உறிஞ்சிவிட்டுக் கையை ஓங்குவான். ஒருமுறை ஓங்கிய வேகத்தில் கதவு நிலையில் பட்டு, அவன் ஆள்காட்டி விரலே கோணிப்போனது. அதற்கும் சேர்த்து அவளைத்தான் அடித்தான்.

மகள் ஸ்டெல்லா நர்ஸ் படிப்புக்கு வேலூர் போகிறேன் என்றாள். அறையில் போட்டுப் பூட்டினான். ஜன்னலுக்கு வெளியே நின்ற அரளிச் செடி அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. கதவைத் திறந்தபோது பிள்ளையின் உடம்பு சில்லிட்டிருந்தது.

அதோடாவது விட்டானா? “தற்கொலை செஞ்சிக்கினவளுக்கு மணி அடிக்கக் கூடாது” என்று சொன்னவன் பெற்ற தகப்பனே. வெளியூர் போயிருந்த சாமியார் வந்து சேர்வதற்குள், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே குழி வெட்டி மகளைப் புதைத்துவிட்டான். எப்பேர்ப்பட்ட விசுவாசம் என்று ஊர் மெச்சியது. பல வருஷம் கழித்து, தொண்ணூற்றேழாம் வருஷம், சளிக் காய்ச்சலில் அவன் போனபோது மட்டும் சாகும் முன் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல், பந்தல், பாட்டு, துக்கமணி எல்லாம் நடந்தது. அந்த மணிச்சத்தம் கேட்ட நாளிலிருந்து பிலோமினா தூங்கவில்லை.

தியான இல்லத்தில் அவளைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் ஜெசிந்தாவுக்கு மிஞ்சிப் போனால் இருபத்தைந்து வயசு இருக்கும். ஸ்டெல்லா இருந்திருந்தால் அந்த வயசுதான்.

“இங்க பேசணும்னு இல்லம்மா. பாத்துக்கினு உக்காந்தா போதும்” என்று சொல்லி, கோயிலுக்குள் வலப்பக்கச் சுவரில் இருந்த ஒரு படத்துக்கு முன்னால் அவளை உட்கார வைத்தாள்.

ஆள் உயரப் படம். பழைய எண்ணெய்ச் சாயம், மெழுகுவத்திப் புகையேறிக் கறுத்திருந்தது. மேலே மேகத்தில் கார்மேல் மாதா, உத்தரியம் என்கிற துணிப் பட்டையைக் கீழே நீட்டியபடி. கீழே நெருப்பு. அதற்குள் இடுப்புவரை புதைந்து கிடந்தார்கள், பாவக்கடன் தீராமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகும் ஆத்துமாக்கள்.

“எந்த முகம் உங்க மனசுல நிக்குதோ, அத மட்டும் பாத்துக்கினே செபமாலை சொல்லுங்க. அவங்களுக்காக வேண்டிக்குங்க.”

இடது ஓரத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். முடி தோளில் கலைந்து கிடக்க, கண் மட்டும் மேலே பார்த்தது. பிலோமினா அவளைப் பார்த்துக்கொண்டே மணிகளை உருட்டினாள். முதலில் வாய் மட்டும் சொன்னது. பிறகு மூச்சு செபத்தோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கியது. நெருப்பு மறைந்தது, கோயில் மறைந்தது, அந்த முகம் ஒன்றுதான் இருந்தது. எப்போது அழத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்கு விளக்கு வைத்ததும் படுத்தவள், விடிந்த பிறகுதான் கண் விழித்தாள்.

இது போதும் என்று நினைத்தாள். இதற்காகவாவது வந்தது நல்லது.

மறுநாள் மதியம் கோயிலில் யாருமில்லை. வெளியே ஓட்டின்மேல் அணில் ஓடும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. அவள் அருள்நிறைந்த மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லி, மூச்சு வாங்க நிறுத்தினாள்.

பின்பாதியை யாரோ சொன்னார்கள்.

சிஸ்டராக இருக்கும் என்று நினைத்து அடுத்த மணியைப் பிடித்தாள். முதல் பாதி. நிறுத்தினாள்.

பின்னால் தொண்டை கரகரத்தது. காய்ந்துபோன குரல். ஆம்பளைக் குரல்.

திரும்பிப் பார்த்தாள். காலி பெஞ்சுகள்.

அப்போதுதான் வாசனை வந்தது. மூக்குப்பொடி. அதோடு ஏதோ தீயும் நாற்றம், மயிர் கருகுவதைப் போல.

டக், டக்.

சத்தம் படத்திலிருந்து வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பின்னால், நேற்றுவரை வெறும் புகையாக இருந்த இடத்தில், ஒரு கை நெருப்பிலிருந்து நீண்டிருந்தது. ஆள்காட்டி விரல் கோணல்.

அவள் கத்தியிருக்க வேண்டும். ஜெசிந்தா ஓடி வந்தாள். படத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தினமும் தூசு தட்டுகிறவள் அவள்தான்.

“இந்தக் கை இங்க இல்லையேம்மா” என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு வேண்டியவங்க யாராவது தவறிட்டாங்களா? ஆத்துமா செபம் கேட்டு வரும்னு சொல்லுவாங்க. யாருக்குக் கெடுதல் பண்ணாங்களோ அவங்க வேண்டிக்கினாதான் அதுக்கு விடுதலையாம்” என்றாள்.

“வேண்டியவங்க இல்ல.”

“ஒரே ஒரு செபம்தானேம்மா. மன்னிச்சிட்டேன்னு சொல்லிடுங்க. போயிடும்.”

பிலோமினாவுக்கு உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. “அடிச்சவன் செத்தாலும் அடி வாங்குனவதான் எறங்கி வரணுமா, சிஸ்டர்? நேத்துதான் நான் தூங்குனேன். ஒரே நாள். அதயும் புடுங்கிக்க வந்துட்டான்.”

 ஜெசிந்தா அன்று முழுக்க அவளை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் பௌர்ணமி. பொழுது சாயும்போதே ரோட்டில் கிரிவலக் கூட்டம் தொடங்கிவிட்டது. “அரோகரா” என்ற குரல்கள் மதிலைத் தாண்டி வந்தன. ஊருக்குப் போகப் பையைக் கட்டி வைத்திருந்த பிலோமினா, அதை அப்படியே போட்டுவிட்டுக் கோயிலுக்குள் நடந்தாள். பயந்து ஓடினாள் என்று அந்த ஆள் நினைத்துவிடக் கூடாது.

உள்ளே கால் வைத்ததும் கரண்ட் போனது.

ஒற்றை மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் அடுப்படிச் சூடு. வெளியே அத்தனை ஜனம் நடக்க, அவர்கள் சத்தம் எதுவும் இப்போது உள்ளே வரவில்லை.

கை முழங்கைவரை நீண்டிருந்தது.

அதற்குப் பின்னால் முகம்.

முடியில்லை, புருவமில்லை. ஆனாலும் அது அவன்தான்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் மடங்கின. கோணல் விரல் படச் சட்டத்தின் விளிம்பைப் பற்றியது. மரம் கருகும் வாசனை எழுந்தது.

“பிலோ... ஒரே ஒரு செபம்...”

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அடி வாங்கும்போதுகூட.

“இன்னாடா வேணும் உனக்கு?” என்றாள்.

கை நின்றது.

“செபமா? எம்புள்ளய அடக்கம் பண்ணப்ப ஒருத்தர் வாயத் தொறக்க உட்டியா நீ? மணி வேணாம்னு சொன்ன வாய்தானே அது? உனுக்கு அத்தன பாட்டு, அத்தன பூசை. அப்பவும் பத்தலையா? எங்கிட்ட வராத. எங்கிட்ட இருந்து செபமாலையில ஒரு மணிகூட உனுக்குக் கெடைக்காது.”

மெழுகுவத்திச் சுடர் அவள் பக்கமாகப் படுத்தது. முகத்தில் அனல் அடித்தது. அவள் இன்னும் ஓர் அடி முன்னால் போனாள்.

“அவகிட்ட போ. செவுத்துக்கு வெளியே கெடக்குறா, போய்த் தேடு. அங்க முட்டி போட்டுக் கேளு. போதும்னு அவ சொல்லணும். சொல்ற வரைக்கும் எழுந்திருக்காத.”

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நெருப்பு சடசடவென்று பொரியும் சத்தம் கேட்டது. கை, நீரில் அமிழ்வதைப் போல, மெல்லப் புகைக்குள் போனது.

வெளியே “அரோகரா” கேட்டது.

பிலோமினா மண்டியிட்டாள். சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு செபமாலையை முதலிலிருந்து தொடங்கினாள். முதல் பாதியையும் அவளே சொன்னாள், பின்பாதியையும் அவளே சொன்னாள். இடையில் யாரும் நுழையவில்லை. கோபம் கொஞ்சமும் குறையவில்லைதான். ஆனாலும் கடைசி மணிவரை சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஊருக்குப் போனதும் நேராகச் சாமியாரிடம் போய் நின்றாள். “எம்பொண்ணு கல்லறைய மந்திரிக்கணும், சாமி. துக்கமணி அடிக்கணும்.”

“இத்தன வருஷம் கழிச்சா, பிலோமினா?”

“நீங்க அடிக்கலனா நானே போய்க் கயித்த இழுப்பேன்.”

சாமியார் அவள் முகத்தைப் பார்த்தார்.  அந்த வாரமே மணி அடித்தது. ஸ்டெல்லாவுக்கான மணி. ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்து தலை குனிந்து நின்றார்கள்.  பிலோமினா அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே சாமியாரோடு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள்.

சுவருக்கு வெளியே ஆடு மேய்க்கும் கன்னியம்மாள் அவளைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“யக்கா, பௌர்ணமிலேர்ந்து இங்க யாரு வர்றது? ஆடுங்க ஒண்ணுகூட இந்தப் பக்கம் வர மாட்டேங்குது. நானும் கண்ணு வலிக்கப் பாக்குறேன், ஆளக் காணோம்.”

மகளின் கல்லறை மேட்டுக்குக் கால்மாட்டில், பச்சைப் புல்லுக்கு நடுவே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழிகள். முழங்கால் அகலம். சுற்றிலும் புல் கருகியிருந்தது.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். மேட்டில் விழுந்த துளிகள் மண்ணில் ஊறின. குழிகளில் விழுந்தவை சுர்ரென்று ஆவியாயின. 

“மண்ணப் போட்டு மூடிடலாமா?” என்று கன்னியம்மாள் கிசுகிசுத்தாள்.

“வேணாம். அப்படியே இருக்கட்டும். போதும்னு அவ இன்னும் சொல்லல” என்றாள் பிலோமினா.

அவர்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இரண்டு குழிகளிலும் மண் மெல்ல நெறிந்து, இன்னும் ஒரு விரற்கடை கீழே அமுங்கியது.