கம்பியும் தண்ணீர் கேனும்

உள்ளங்கை இரண்டும் தீயாய் எரிந்தன. கம்பியைப் பிடித்து வழுக்கிய எரிச்சல். ஆனால் பீப்பாய்க்கு அதைவிட, காலையில் பேசிய நாக்குதான் அதிகம் எரிந்தது.

பீப்பாய் என்பது தெரு வைத்த பெயர். பதின்மூன்று வயது. வகுப்பிலேயே கனமானவள். அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்.

"மூட்டைக்காரர் மக நான். கம்பியெல்லாம் நமக்குத் தூசு" என்று காலையில் அளந்துவிட்டுத்தான் விளையாட்டு வகுப்பில், தொங்கிப் பழகும் கம்பியைப் பிடித்தாள். பிடித்ததுதான் தெரியும். மறு மூச்சில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

"பூமி அதிருதுடி!" யாரோ கத்த, ஒரே சிரிப்பு.

அடுத்து ஈர்க்குச்சி. அதுவும் தெரு வைத்த பெயர்தான். ஊதினால் பறக்கிற உடம்பு. வௌவால் மாதிரித் தொங்கினாள், இறங்கவே இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். பீப்பாய்க்குப் பொறுக்கவில்லை.

"அவ வீட்ல சோறே போட மாட்டாங்க. அப்புறம் ஏன் தொங்க மாட்டா?"

வகுப்பே கேட்கும்படி சொன்னாள். வகுப்பே சிரித்தது. ஈர்க்குச்சி இறங்கி, யாரையும் பார்க்காமல் போனாள்.

மாலையில் பீப்பாய் வீடு திரும்பும் வழியில், ஈர்க்குச்சி தன் வீட்டு மாடிப்படியில் பெரிய தண்ணீர் கேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கேனை ஒரு படி ஏற்றினால், கேன் அவளை இரண்டு படி இறக்கியது.

தலையைக் குனிந்து நழுவிவிடலாம் என்றுதான் பீப்பாய் நினைத்தாள். கால் கேட்கவில்லை.

"தள்ளு."

அப்பா செய்வதுபோல முட்டியை மடக்கி உட்கார்ந்தாள். கேனைத் தோளில் சாய்த்து, 'ம்ப்' என்று எழுந்தாள். மூன்றாம் மாடிவரை இறக்கவில்லை.

"இதைத் தூக்குற. கம்பியில மட்டும் ஏன் விழுந்த?"

பீப்பாய் மூச்சு வாங்கியபடி யோசித்தாள். "கேன் என்னைவிட லேசுடி. கம்பியில என்னையே இல்ல நான் தூக்கணும்! உனக்கு அது அரை மூட்டை. எனக்கு ஒன்றரை மூட்டை."

ஈர்க்குச்சி லேசாகச் சிரித்தாள். அதற்குள் அவள் அம்மா கதவைத் திறந்தார்.

"அடடா, என்னமா வேர்த்திருக்கு! உட்காரும்மா. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

தட்டு நிறைய ரொட்டியும் முட்டையும் வந்தன. ஈர்க்குச்சி தன் தட்டை வழித்துவிட்டு மறுபடியும் கேட்டாள்.

"எவ்வளவு போட்டாலும் இவ உடம்புல ஒட்டாது" என்று அம்மா சிரித்தார்.

பீப்பாய் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். "காலையில சொன்னதுக்கு... மன்னிச்சுக்கோடி."

"அதை எல்லாரும் கேக்கச் சொன்ன. இதை மட்டும் காதுக்குள்ள சொல்றியா?"

நியாயம்தானே. பீப்பாயின் முகம் காதுவரை சுட்டது.

"நாளைக்குக் கம்பிக்குக் கீழ நின்னு சொல்றேன்."

"கத்திச் சொல்லணும்."

"கத்தியே சொல்றேன்."

படியிறங்கும்போது தோள் லேசாகியிருந்தது, நெஞ்சு லேசாகவில்லை. வகுப்பு முழுவதும் கேட்க ஒரு மன்னிப்பு: அது இன்னும் பாக்கி.